வாசகர் கேள்வி பதில்: வள்ளத்தைத் தூக்கி நடக்கத் தெரியணும்

போன தை மாசம் பாபநாசத்துக்குக் கீழே ஆரம்பித்துப் புன்னக்காயல் வரைக்கும் தாமிரபரணியில் ஒற்றை ஆளாகச் சின்ன வள்ளத்தில் வந்தேன் என்று இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, முக்கியமானவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

கனடாவில் யூக்கான் ஆற்றில் தனி ஆளாகக் கனூவில் பல நூறு கிலோமீட்டர் போகிறவர்களின் வீடியோக்களை ராத்திரி ராத்திரியாகப் பார்க்கிறேன் அண்ணாச்சி. நம்ம ஆற்றில் அப்படிப் போக முடியுமா? கனூ வாங்குவதா, கயாக் வாங்குவதா?
*கல்லூரி மாணவர், வீரவநல்லூர்*

போகலாம் தம்பி. ஆனால் நீங்கள் பார்க்கிற ஆறு வேறு, நம்ம ஆறு வேறு. யூக்கானில் வைட்ஹார்ஸ் ஊரிலிருந்து டாசன் வரைக்கும் சுமார் 715 கிலோமீட்டர், நடுவில் ஒரு அணை கிடையாது. லபார்ஜ் என்கிற ஏரியைக் காற்று அடிக்காத நேரமாகப் பார்த்துக் கரையோரமாகக் கடந்துவிட்டால், அப்புறம் பெரும்பாலும் தண்ணீரே இழுத்துக்கொண்டு போகும். நம்ம தாமிரபரணி மலையில் பிறந்து கடலில் சேர்கிற வரைக்கும் மொத்தமே சுமார் 125 கிலோமீட்டர்தான். அதிலும் பாபநாசத்துக்குக் கீழே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டு. ஒவ்வொன்றிலும் இறங்கி, சாமானை இறக்கி, வள்ளத்தைத் தோளில் வைத்து, கரையோடு நடந்து, கீழே போய் மறுபடி தண்ணீரில் விடணும். பாறை, மணல் திட்டு, தடுப்பணை எல்லாம் போக இந்த எட்டு.

அதனால் யூக்கான் வீடியோவை விட்டுவிட்டு, அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் வடக்கு எல்லையில் இருக்கிற ஏரிக்காட்டில் போகிறவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று பாருங்கள். அங்கே ஆயிரத்துக்கும் மேலே ஏரிகள். ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குக் காட்டுப்பாதையில் வள்ளத்தைச் சுமந்து போகணும், அந்தப் பாதைகளில் நிறைய அந்த மண்ணின் பூர்வகுடிகள் காலங்காலமாக நடந்து நடந்து உண்டாக்கியவை. அந்தச் சுமைப்பாதையின் நீளத்தை இன்றைக்கும் ‘ராட்’ என்கிற பழைய அளவில்தான் சொல்வார்கள். ஒரு ராட் என்றால் பதினாறரை அடி, ஏறக்குறைய ஒரு வள்ளத்தின் நீளம். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் தோல் வியாபாரத்துக்கு வள்ளம் தள்ளிய பிரெஞ்சுக்காரக் கூலிகள் ஆளுக்கு நாற்பது கிலோ மூட்டை இரண்டை முதுகில் ஏற்றிக்கொண்டு இந்தப் பாதைகளில் ஓட்டமும் நடையுமாகப் போயிருக்கிறார்கள். துடுப்புப் போடுவது பாதி வேலை, தூக்கி நடப்பது மீதி வேலை. நம்ம ஆற்றுக்குப் பொருந்துகிறது இதுதான்.

கனூவா கயாக்கா என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கயாக் மேலே மூடியிருக்கும், இடுப்பு வரை உள்ளே நுழைத்து உட்காரணும், துடுப்புக்கு இரண்டு பக்கமும் இலை இருக்கும், காற்றில் நன்றாகப் போகும். ஆனால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்குகிறவனுக்குக் கனூ என்கிற திறந்த வள்ளம்தான் லாயக்கு. மூட்டையை அப்படியே தூக்கி வைக்கலாம், எடுக்கலாம். என்னுடையது தூத்துக்குடிப் பக்கம் ஃபைபர் வள்ளம் செய்கிற ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது, 15 அடி நீளம், 28 கிலோ. நடுவில் குறுக்குக் கட்டை வைக்கச் சொன்னேன். வள்ளத்தைக் கவிழ்த்துத் தலைக்கு மேலே தூக்கினால் அந்தக் கட்டை இரண்டு தோளிலும் உட்காரும். அதில் ஈரிழைத் துண்டைச் சும்மாடு மாதிரி சுற்றிக்கொண்டேன், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே தோள் புண்ணாகிவிடும்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு அணைக்கட்டைச் சுற்றி 400 மீட்டர் நடை என்றால் நீங்கள் நடப்பது 1,200 மீட்டர். மூட்டையோடு ஒரு தடவை, வெறுங்கையோடு திரும்ப, வள்ளத்தோடு இன்னொரு தடவை. தனியாகப் போகிறவனுக்கு இதில் தள்ளுபடி கிடையாது. எனக்குப் பாபநாசத்திலிருந்து கடல் வரைக்கும் ஒன்பது நாள் ஆனது, முதல் நாள் பாறைக்கு நடுவே துடுப்புப் போட்டதைவிட நடந்ததுதான் அதிகம்.

தனி ஆள் துடுப்புப் போடும் முறையையும் கேட்டிருந்தீர்கள். ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டால் வள்ளம் எதிர்ப்பக்கம் திரும்பும். அதற்காக மாற்றி மாற்றிப் போட்டால் கை ஓய்ந்துவிடும், நேராகவும் போகாது. துடுப்பை இழுத்து முடிக்கிற இடத்தில் கட்டைவிரல் கீழே பார்க்கிற மாதிரி கையைத் திருப்பி, துடுப்பு இலையை வள்ளத்துக்கு வெளிப்பக்கமாக லேசாகத் தள்ளணும். ஆங்கில ஜே எழுத்தின் வால் மாதிரி, அதனால் ஜே ஸ்ட்ரோக் என்று பெயர். நடுவுக்குச் சற்றுப் பின்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து போடுங்கள், பலகையில் உட்கார்ந்து போடுவதைவிட வள்ளம் நிதானமாக நிற்கும். முழங்காலுக்கடியில் கோணிச்சாக்கை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் மகன் அதே மாதிரிப் போகணும் என்று நிற்கிறான். இந்த ஆறு வருஷா வருஷம் பிள்ளைகளைக் காவு வாங்குகிற ஆறு. எந்தெந்த இடம் ஆபத்து என்று மறைக்காமல் எழுதுங்கள்.
*ஒரு தாய், அம்பாசமுத்திரம்*

அம்மா, உங்கள் பயம் சரியான பயம்தான். மறைக்க ஒன்றும் இல்லை.

முதல் ஆபத்து அணைக்கட்டு. பார்த்தால் சாதாரணமாக இருக்கும், ஆள் உயரம்கூட இல்லையே என்று தோன்றும். மேலே இருந்து வள்ளத்தில் வருகிறவன் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, தண்ணீர் ஒரு நேர்கோடாக முடிகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். சத்தமும் கிட்டே போன பிறகுதான் கேட்கும். தாண்டி விழுகிற தண்ணீர் கீழே போய் அப்படியே ஓடிவிடாமல் திரும்பச் சுவரைப் பார்த்து உருண்டு வரும். மரக்கட்டை விழுந்தால் அதே இடத்தில் மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆள் விழுந்தாலும் அப்படித்தான். நுரைத்த தண்ணீரில் காற்று அதிகம், அதனால் மிதக்க வைக்கிற சக்தி குறைவு, நீச்சல் தெரிந்தவனையும் அது விடாது. ஆகவே அணைக்கட்டைத் தாண்டிக் குதிக்கிறேன் என்கிற பேச்சே கூடாது, தண்ணீர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. நான் ஒவ்வொரு அணைக்கட்டும் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பஸ்ஸில் போய் இறங்கி, கரையில் நடந்து பார்த்து, எந்த மரத்துக்கு நேரே இறங்கணும் என்று குறித்து வைத்துக்கொண்டேன். அந்த மரத்தைத் தாண்டி ஒரு துடுப்பு போடக்கூடாது. இன்னொன்று, கால்வாய் பிரிகிற பக்கம் இறங்கக்கூடாது, மதகு இழுக்கும். கோடகன் கால்வாயும் நெல்லைக் கால்வாயும் வடகரையில் பிரிகின்றன, பாளையங்கால்வாய் தென்கரையில். அதைப் பார்த்து எதிர்க்கரையில் ஒதுங்கணும்.

இரண்டாவது, கசம். மணல் அள்ளிய இடங்களில் ஆறு முழங்கால் ஆழத்திலிருந்து ஒரே அடியில் ஆளை முழுங்குகிற ஆழத்துக்குப் போகும். வள்ளத்துக்குள் இருக்கிற வரை கசம் ஒன்றும் செய்யாது. வள்ளத்தை இழுத்துக்கொண்டு நடக்கும்போதுதான் செய்யும். நடக்கிற நேரத்திலும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது என்று உங்கள் மகனிடம் சத்தியம் வாங்குங்கள்.

மூன்றாவது, உறைகிணறு. நான் உயிர் தப்பியது இதில்தான். குடிநீர்த் திட்டங்களுக்காக ஆற்றுக்குள்ளேயே வட்டமாக எழுப்பி நிறுத்தியிருக்கிறார்களே, அதைச் சொல்கிறேன். முறப்பநாட்டுக்கு மேலே ஒரு கிணற்றைப் பார்த்துக்கொண்டே, விலகிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன், இழுப்பு நான் நினைத்ததைவிட அதிகம், வள்ளம் குறுக்காகத் திரும்பிக் கிணற்றின் மேல் போய்ச் சாய்ந்தது. கிணற்றில் மோதப்போகிற பயத்தில் உடம்பு தானாக எதிர்ப்பக்கம், தண்ணீர் வருகிற பக்கம் சாய்ந்துவிட்டது. அதுதான் தப்பு. அந்தப் பக்க விளிம்பு தாழ்ந்ததும் இரண்டு நொடியில் வள்ளம் நிறைந்தது. எதில் மோதுகிறோமோ அதைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி அதன் மேலேயே சாய்ந்திருக்கணும், அப்போது வள்ளத்தின் அடிவயிறு தண்ணீரைப் பார்க்கும், தண்ணீர் உள்ளே ஏறாது. படித்துத் தெரிந்து வைத்திருந்தேன், உடம்புக்குத் தெரியவில்லை. அடுப்பும் சமையல் பாத்திரமும் போயின. ஜாக்கெட் போட்டிருந்ததால் நான் மிதந்து கீழே மணல் திட்டில் ஒதுங்கினேன். அன்றைக்கு முழுதும் மேற்கொண்டு போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாலாவது, மழை. நம் தலைக்கு மேலே வெயில் அடிக்கும், பொதிகையில் கொட்டிக்கொண்டிருக்கும். கார்த்திகை, மார்கழியில் ஆற்றில் இறங்கவே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன ஆனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் நிரம்பி உபரி நீர் திறக்கிறார்கள் என்ற அறிவிப்பு வந்தால் ஆற்றை விட்டு ஏறிவிடணும். வள்ளத்தை மேட்டில் மரத்தோடு கட்டிவிட்டுத்தான் தூங்கணும், எந்த மாசமாக இருந்தாலும்.

உங்கள் மகனை முதல் தடவையே தனியாக அனுப்பாதீர்கள். சேரன்மகாதேவிப் பக்கம் அணைக்கட்டு இல்லாத துண்டு ஒன்றில், கரையில் ஆள் நடந்து வர, ஒரு நாள் போய் வரட்டும். தண்ணீருக்குள் வேண்டுமென்றே வள்ளத்தைக் கவிழ்த்து, திரும்ப ஏறப் பழகட்டும். பத்துத் தடவை கவிழ்த்து ஏறியவன் பதினோராவது தடவை பயப்பட மாட்டான்.

எந்த மாசம் நல்லது?
*ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறார்கள்*

தை, மாசி. பிசான நெல் சாகுபடிக்காக அணையிலிருந்து தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார்கள், ஆற்றில் சீரான ஓட்டம் இருக்கும், வெள்ளப் பயம் போயிருக்கும். ஒரே தொல்லை வாடைக்காற்று, கிழக்கே போகிறவனுக்கு முகத்தில் அடிக்கும். ஆனி, ஆடியில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் வரும்போது போனால் மேல்காற்று முதுகில் தள்ளும், அது சுகம்தான், ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்று சில நாள் வள்ளத்தையே சுழற்றிவிடும். எதிர்காற்று என்றால் மூட்டையை முன்பக்கம் தள்ளி வையுங்கள், பின்காற்று என்றால் பின்பக்கம். கனம் இருக்கிற முனை காற்றுக்கு அசையாது, லேசான முனையைத்தான் காற்று பிடித்துத் திருப்பும்.

எங்கள் ஊர்க் குளம் நிறைந்து கிடக்கிறது. ஆற்றிலிருந்து கால்வாய் வழியாகக் குளம் குளமாக வள்ளத்தில் போக முடியாதா? நீங்கள் சொன்ன அமெரிக்க ஏரிகள் மாதிரி?
*ஒரு விவசாயி, நாங்குநேரி வட்டம்*

எனக்கும் இந்த ஆசை ரொம்ப நாளாக இருந்தது. வரைபடத்தில் பார்த்தால் நெல்லைக் கால்வாய் நயினார்குளத்துக்குப் போகிறது, பாளையங்கால்வாய் வேய்ந்தான்குளத்துக்குப் போகிறது, கோடு கோடாகப் பார்க்கையில் வள்ளம் விடத்தான் வெட்டினார்களோ என்று தோன்றும். நடந்து பார்த்தேன். முடியாது. மதகு, தாழ்ந்த பாலம், கால்வாய்க்குள் சாய்ந்து கிடக்கிற உடைமரம், அதன் முள். அந்தத் தண்ணீர் வயலுக்குப் போகிற தண்ணீர், மதகில் நாம் போய் நின்றுகொண்டு வழிவிடு என்று கேட்பது முறையும் இல்லை.

ஆனால் பழகுவதற்குக் குளத்தைவிட நல்ல இடம் இல்லை. குளம் நிறைந்து மறுகால் பாய்கிற நாட்களைத் தவிருங்கள். மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வலை கட்டியிருப்பார், துடுப்பு மாட்டினால் வலையும் போகும் உறவும் போகும். அப்புறம் கூந்தன்குளம் மாதிரிப் பறவை கூடு கட்டுகிற குளத்தில் வள்ளம் வேண்டவே வேண்டாம். பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிற ஊர் அது. திருப்புடைமருதூரிலும் அப்படித்தான், கோயிலைச் சுற்றியுள்ள மருத மரத்திலும் இலுப்பை மரத்திலும் நாரையும் கொக்கும் அடைந்திருக்கும். அந்த இடத்தில் நான் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டம் கொண்டுபோகிறபடி சத்தமில்லாமல் போனேன்.

ராத்திரியில் எங்கே தூங்கினீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்? தனிமை பயமாக இல்லையா?
*ஆசிரியை, தென்காசி*

படித்துறை மண்டபங்கள். இந்த ஆற்றங்கரையில் தூங்க இடம் தேட வேண்டியதே இல்லை, எவரோ புண்ணியவான்கள் கல்லில் கட்டி வைத்திருக்கிறார்கள். ஊருக்குள் போய் யாராவது ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் படுப்பேன். சாப்பாட்டுக்கு அவல், கருப்பட்டி, பொரிகடலை, சுக்கு. அடுப்பு போன பிறகு ஊர் ஊராகக் கடையில் இட்லி.

தனிமை என்று நீங்கள் நினைக்கிற தனிமை யூக்கானில் உண்டு, இங்கே கிடையாது. விடியற்காலை பனி ஏறியிருக்கும்போது மட்டும் ஆறு முழுக்க நம்முடையது மாதிரி இருக்கும். நீர்க்காகம் வரிசையாகச் சிறகை விரித்து உட்கார்ந்திருக்கும், ஒருநாள் கல்லிடைக்குறிச்சி தாண்டி இரண்டு நீர்நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முங்கின. வெயில் ஏறினதும் துணி துவைக்கிறவர்கள், மாடு குளிப்பாட்டுகிறவர்கள், ஆற்றுக்குக் குளிக்க வருகிறவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். “ஒத்தையிலயா போறீய? எங்கன வரைக்கும்? சாப்டாச்சா?” இந்த மூன்று கேள்வியும் இதே வரிசையில் ஒன்பது நாளும் கேட்டேன். அணைக்கட்டில் வள்ளத்தைத் தூக்கும்போது யாராவது ஓடிவந்து ஒரு பக்கம் பிடிப்பார்கள். பழவூரில் ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் மூட்டையைத் தலையில் வைத்து நடந்தார், வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. அந்த ஒரு இடத்தில்தான் மூன்று நடை ஒரே நடையானது.

யாரிடம் அனுமதி வாங்கணும்?
*வாசகர், கடையம்*

பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அங்கே வள்ளம் என்ற நினைப்பே வேண்டாம். கீழே, நீர்வளத்துறை அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்துவிட்டு, அணைக்கட்டுகளில் உள்ளவர்களிடமும் வழியில் உள்ள காவல் நிலையங்களிலும் சொல்லிவிட்டுப் போங்கள். கடல் முகத்துவாரத்தில் கடலோரக் காவல் படையினர் கேட்பார்கள், அடையாள அட்டை கையில் இருக்கணும்.

ஆறு சாக்கடையாகிவிட்டது என்கிறார்கள். அதில் இறங்கவே அருவருப்பாக இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.
*வாசகி, பாளையங்கோட்டை*

உண்மையைச் சொல்கிறேன். பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள், முதல் நாள் என் துடுப்பில் மீனோ பாசியோ மாட்டவில்லை, சேலை மாட்டியது. பாறை இடுக்கெல்லாம் துணி. டன் கணக்கில் அள்ளி எடுக்கிறார்கள், மறுபடி சேர்ந்துவிடுகிறது. அம்பாசமுத்திரத்திலிருந்து சுத்தமல்லி வரைக்கும் பரவாயில்லை, சில இடங்களில் அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரிந்தது, மனசு நிறைந்தது. திருநெல்வேலியை நெருங்கினதும் மாறிவிடுகிறது. 1843-லிருந்து நிற்கிற சுலோசன முதலியார் பாலத்துக்கு அடியில் நான் போனபோது மூக்கைப் பொத்த ஒரு கை, துடுப்புக்கு ஒரு கை என்று போகவா முடியும், மூச்சை அடக்கிக்கொண்டு போனேன். நகரத்துக்குக் கீழே அமலைச்செடி, ஆகாயத்தாமரை என்பார்களே அதுதான். அது தானாக வளரவில்லை, நாம் விடுகிற கழிவைத் தின்று வளர்கிறது. அதற்குள் வள்ளம் மாட்டினால் துடுப்பு போட்டுப் பயனில்லை, கையால் பிடித்துப் பிடித்து இழுத்துத்தான் வெளியே வரணும், அரை மணி நேரத்தில் ஐம்பது அடி.

இந்தத் தண்ணீரைத்தான் உறைகிணறு வழியாக எடுத்துப் பக்கத்து மாவட்டங்கள் வரைக்கும் குடிக்கிறோம். மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரைக்கும் வழக்கு போயிருக்கிறது. நீங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறீர்கள், உங்கள் தெருச் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து போய்ப் பாருங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள், இந்தப் பக்கத்தில் போடுகிறேன். அருவருப்பு இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. அழுகையும் வந்தது.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே எங்கள் பக்கம் தண்ணீரே குறைவுதானே, கடைசி வரைக்கும் எப்படிப் போனீர்கள்?
*கடைக்காரர், ஏரல்*

இழுத்துக்கொண்டு போனேன். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய அந்த அணைக்கட்டிலேயே வடகால், தென்கால் என்கிற இரண்டு கால்வாயும் தண்ணீரை வாங்கிக்கொண்டு போய்விடுகின்றன, அதற்குக் கீழே குட்டை குட்டையாகத்தான் ஆறு. ஒரு குட்டையில் துடுப்பு, அடுத்த மணலில் கயிறு கட்டி இழுவை. உங்கள் ஏரல் பாலத்துக்குக் கீழே சுமை தாங்காமல் உட்கார்ந்திருந்தபோது டீ வாங்கிக் கொடுத்தது யார் என்று தெரியாது, அவர் இதைப் படித்தால் என் நன்றி. முக்காணிப் பக்கம் தடுப்பணையைத் தாண்டி இறக்கிய பிறகு தண்ணீர் உப்புக் கரித்தது. அங்கிருந்து கடல் ஏற்றம் இறக்கம் பார்த்துத்தான் போகணும், மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எதிரே வந்துவிடும், அதனால் விடியுமுன் கிளம்பினேன். இடது கைப்பக்கம் எங்கேயோ உள்ளே கொற்கை. ஒரு காலத்தில் முத்துக்குப் பேர்போன கடல்துறை, இன்றைக்குக் கடல் அதை விட்டுச் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

புன்னக்காயலில் முகத்துவாரத்துக்கு முன்னாலேயே மீனவர்கள் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்கள், அதற்கு மேல் இந்தத் தட்டு வள்ளம் தாங்காது என்றார்கள். சரி என்று அங்கேயே கரையேற்றினேன். கடைசித் தூக்கு அதுதான், நாலு பேர் சேர்ந்து தூக்கியதால் என் தோளில் கனமே இல்லை.

வள்ளம் இப்போது என் வீட்டுத் தொழுவத்தில் கவிழ்த்துக் கிடக்கிறது. வீரவநல்லூர்த் தம்பி வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் வரட்டும், அதைத் தோளில் வைத்துத் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரைக்கும் போய்த் திரும்பி வரட்டும். துடுப்பை அப்புறம் கையில் கொடுக்கிறேன்.